பக்கிங்காம் கால்வாயில் உல்லாசப் படகுப் பயணம்

பக்கிங்காம் கால்வாய் சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி வடக்குத் தெற்காகச் செல்லும் உப்புநீர்க் கால்வாய். ஆந்திரத்தின் பெத்த கஞ்சாமிலிருந்து விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் வரை அதன் நீளம் சுமார் 420 கி.மீ. இதில் 163 கி.மீ. தமிழ்நாட்டில் உள்ளது. சரக்குப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்ட இக்கால்வாய், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சென்னை மக்களின் விடுமுறைப் பயணத்துக்கும் பயன்பட்டது. மயிலாப்பூர், அடையாறு பகுதிகளிலிருந்து படகை வாடகைக்குப் பிடித்து இரவெல்லாம் பயணம் செய்து மாமல்லபுரத்தை அடைவது அன்றைய வழக்கம். இன்று நகருக்குள் இக்கால்வாயில் படகு செல்ல இயலாது.

தோற்றம்

கால்வாயின் முதல் பகுதி 1806-இல் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை வெட்டப்பட்டது. இதற்குப் பணம் போட்டவர் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர். அவர் பெயரால் அது காக்ரேன் கால்வாய் என்று அழைக்கப்பட்டது. கொருக்குப்பேட்டைப் பகுதியில் உள்ள காக்ரேன் பேசின் சாலையின் பெயரில் அந்த நினைவு இன்றும் எஞ்சியுள்ளது. பின்னர் கால்வாய் பழவேற்காடு ஏரி வரையிலும் அதற்கு வடக்கேயும் நீட்டிக்கப்பட்டது. 1837-இல் அரசு இதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

இந்தக் கால்வாய் முழுவதும் புதிதாக வெட்டப்பட்டதல்ல. கடற்கரை மணல்மேட்டுக்குப் பின்னால் இயற்கையாகவே கழிகளும் காயல்களும் வரிசையாக இருந்தன. பழவேற்காடு ஏரி, கொசஸ்தலை ஆறு, கூவம், அடையாறு, கோவளம் கழி, பாலாறு ஆகியவற்றுக்கு இடையே இருந்த நிலத்தை வெட்டி இணைத்தபோது தொடர்ச்சியான நீர்வழி ஒன்று கிடைத்தது. கடலில் அலைக்கும் புயலுக்கும் அஞ்சிச் செல்ல வேண்டிய சரக்கு, இதன்பின் கடலுக்கு இணையாக அமைதியான நீரில் செல்ல முடிந்தது.

பஞ்சத்தில் வெட்டப்பட்ட பகுதி

கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே வெகுகாலம் இணைப்பு இல்லை. வடக்கிலிருந்து வரும் படகு கூவத்தோடு நின்றுவிடும். தெற்கேயிருந்து வருவது அடையாற்றோடு நின்றுவிடும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக இந்த இடைவெளி வெட்டப்பட்டது. சுமார் 8 கி.மீ. நீளமுள்ள இப்பகுதி 1877-78-இல் முடிந்தது. இதற்கு 60 லட்சம் ஆள்-நாள் உழைப்பும் 30 லட்சம் ரூபாயும் செலவாயின. அப்போது மாகாண ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். அவர் பெயரே கால்வாய்க்கு இடப்பட்டது.

பஞ்சகால நிவாரணக் கூலி மிகக் குறைவானது. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் பரிந்துரைத்த அளவின்படி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் அதனுடன் ஓரணாவும் கிடைத்தன. கடும் எதிர்ப்பு எழுந்தபின் சில மாதங்களில் இது திருத்தப்பட்டது. சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வழியாக அடையாறு வரை செல்லும் கால்வாய், பட்டினியில் வாடியவர்கள் தோண்டிய கால்வாய். நகரத்தார் பிற்காலத்தில் உல்லாசமாகச் சென்ற படகுப் பாதையின் அடியில் இந்த வரலாறு உள்ளது.

படகு சென்ற முறை

கால்வாயின் நீர்மட்டம் கடலின் ஏற்றவற்றத்தைச் சார்ந்தது. வற்றத்தின்போது ஆற்றுக்குள் நீர் வடிந்துவிட்டால் படகு தரைதட்டும். வெள்ளக் காலத்தில் ஆற்றுநீர் கால்வாய்க்குள் பாய்ந்து கரையை அறுக்கும். இவ்விரண்டையும் தடுக்க, கால்வாய் ஆறுகளைச் சந்திக்கும் இடங்களில் இரட்டைக் கதவு மடைகள் அமைக்கப்பட்டன. மக்கள் இதை 'லாக்கு' என்றே அழைத்தனர். படகு இரு கதவுகளுக்கும் இடையே உள்ள தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவு மூடப்படும். முன்கதவின் சிறு திறப்பு வழியே நீர் ஏறும் அல்லது இறங்கும். தொட்டியின் மட்டமும் வெளியே உள்ள மட்டமும் ஒன்றானதும் முன்கதவைத் திறந்து படகை வெளியே விடுவர். மடையில் காத்திருப்பது பயணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

படகை நகர்த்த மூன்று வழிகள் இருந்தன. காற்று வசதியாக வீசினால் பாய் விரிக்கப்படும். காற்று இல்லாவிட்டால் ஓர் ஆள் படகிலிருந்து நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார். இன்னோர் ஆள் கரையில் நடந்தபடி கயிற்றால் படகை இழுப்பார். இதற்காகவே கால்வாய்க் கரையில் நடைபாதை விடப்பட்டிருந்தது. ஆகவே படகின் வேகம் பெரும்பாலும் மனிதன் நடக்கும் வேகமே.

விறகு, சவுக்குக்கட்டை, உப்பு, நெல், சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் ஆகியவை முக்கியச் சரக்குகள். ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு வடக்கேயிருந்து சென்னை அடுப்புகளுக்கு வந்தது. மயிலாப்பூரில் உள்ள தண்ணித்துறை மார்க்கெட்டின் பெயர், காய்கறிகள் படகில் வந்து இறங்கிய காலத்தை நினைவூட்டுகிறது. படகுகளைப் பதிவு செய்வதற்கும் சுங்கம் வசூலிப்பதற்கும் 1890-இல் சென்னைக் கால்வாய்கள் மற்றும் பொதுத் தோணித்துறைச் சட்டம் இயற்றப்பட்டது.

மாமல்லபுரத்துக்கு ஓர் இரவு

கிழக்குக் கடற்கரைச் சாலை வருவதற்கு முன் மாமல்லபுரம் செல்வது எளிதல்ல. செங்கல்பட்டு வரை ரயிலில் சென்று, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாட்டு வண்டியில் போக வேண்டும். அதைவிட வசதியானது கால்வாய். அடையாற்றிலிருந்து மாமல்லபுரம் நீர்வழியில் ஏறத்தாழ 50 கி.மீ. நடை வேகத்தில் செல்லும் படகுக்கு இது பத்து மணி நேரத்துக்கும் மேலான பயணம். மாலையில் புறப்பட்டால் இரவு முழுவதும் படகிலேயே உறங்கி, காலையில் மாமல்லபுரம் அருகே இறங்கலாம். பகலில் சிற்பங்களைப் பார்த்துவிட்டு அடுத்த இரவில் அதே படகில் திரும்பலாம். இரண்டு இரவும் ஒரு பகலும் கொண்ட இப்பயணம் அலுவலக விடுமுறைக்குச் சரியாகப் பொருந்தியது. படகே போக்குவரத்தாகவும் தங்கும் அறையாகவும் சமையலறையாகவும் அமைந்தது.

இந்தப் பயணம் தமிழ் இலக்கியத்தில் இடம்பெறக் காரணமானவர் பாரதிதாசன். 1934-இல் அவர் ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி உள்ளிட்ட சுயமரியாதை இயக்கத் தோழர்களுடன் முழுநிலா இரவில் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகில் சென்றார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை. நிலவொளியும் நீரும் தரும் மகிழ்ச்சியோடு, கயிறு பிடித்து இழுத்தும் கழியால் தள்ளியும் படகை நகர்த்தும் தொழிலாளரின் துயரத்தையும் அக்கவிதை பேசுகிறது. உல்லாசப் பயணம் யாருடைய உழைப்பில் நடந்தது என்பதைப் பயணியே பதிவு செய்த அரிய சான்று இது.

படகை வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக வைத்துப் பொழுதுபோக்கும் வழக்கமும் சென்னையில் இருந்தது. ஆனால் அது கால்வாயில் அல்லாமல் ஆற்றிலும் கடலிலும் வளர்ந்தது. அடையாற்றங்கரையில் துடுப்புப் படகு விளையாட்டுக்காக மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் தொடங்கப்பட்டது. துறைமுகத்தில் பாய்மரப் படகுகளுக்கான ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் தொடங்கியது. இவை பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் வசதி படைத்தவருக்கும் உரியவை. கால்வாய்ப் பயணமோ நடுத்தரக் குடும்பங்களும் நண்பர் குழுக்களும் பங்கிட்டுச் செலவு செய்யக்கூடியதாக இருந்தது.

பாதை இன்று

பழைய படகுப் பாதையைப் பறக்கும் ரயிலின் நிலையங்களைக் கொண்டே அறியலாம். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணி அம்மன் கோயில், திருமயிலை, மந்தைவெளி, பசுமைவழிச் சாலை ஆகிய நிலையங்கள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட நடுப் பகுதியை ஒட்டியவை. அடையாற்றைக் கடந்ததும் கோட்டூர்புரம், கஸ்தூரிபாய் நகர், இந்திரா நகர், திருவான்மியூர் நிலையங்கள் தெற்குப் பகுதியின் தொடக்கத்தை ஒட்டி வருகின்றன. அதற்குமேல் ரயில் மேற்கே தரமணி நோக்கித் திரும்பிவிடும். கால்வாய் நேராகத் தெற்கே செல்லும். பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர் பகுதிகளைக் கடந்து முட்டுக்காட்டில் கோவளம் கழியை அடையும். அங்கிருந்து மீண்டும் தெற்கே மாமல்லபுரம் நோக்கிச் செல்லும்.

படகுகள் நின்ற விதம்

கால்வாயை முதலில் பாதித்தது ரயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்குக் கடற்கரை ரயில்பாதை வந்ததும் தொலைதூரச் சரக்கு ரயிலுக்கு மாறியது. அடுத்து லாரி குறுகிய தூரச் சரக்கையும் எடுத்துக்கொண்டது. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கரைகளையும் மடைகளையும் சேதப்படுத்தின. வருமானம் இல்லாத கால்வாயைச் செப்பனிட ஆர்வம் இருக்கவில்லை. தூர் வாருவது நின்றதும் மணல் மேடிட்டது.

நகருக்குள் நேர்ந்தது வேறு. படகு ஓடும்வரை கால்வாய் நீர் வழியாகக் கருதப்பட்டது. படகு நின்றபின் அது சாக்கடை விடுவதற்கு ஏற்ற பள்ளமாகக் கருதப்பட்டது. கழிவுநீரும் குப்பையும் சேர, ஆகாயத்தாமரை படர்ந்தது. பின்னர் பறக்கும் ரயில் திட்டத்துக்கு நிலம் தேவைப்பட்டபோது, அடர்ந்த நகருக்குள் வீடுகளை இடிக்காமல் கிடைத்த அரசு நிலம் கால்வாயே. 1995-இல் சேப்பாக்கம் வரையும், 1997-இல் திருமயிலை வரையும், 2004-இல் திருவான்மியூர் வரையும், 2007-இல் வேளச்சேரி வரையும் ரயில் ஓடத் தொடங்கியது. தூண்கள் பல இடங்களில் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. நிலையக் கட்டடங்கள் கால்வாயின் அகலத்தைக் குறைத்துவிட்டன. இதன்பின் நடுப் பகுதியில் படகுப் போக்குவரத்து திரும்புவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமல் போயிற்று.

இங்கிலாந்தின் ஒப்பீடு

இதே காலத்தில் இதே நெருக்கடியைச் சந்தித்த இன்னொரு நாடு இங்கிலாந்து. அங்கும் கால்வாய்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் நிலக்கரிக்கும் மண்பாண்டத்துக்கும் வெட்டப்பட்டு, ரயிலாலும் லாரியாலும் வருமானம் இழந்தன. அந்நாட்டின் நடுப்பகுதிக் கால்வாய் மடைகள் சுமார் 7 அடி அகலமே கொண்டவை. அதற்குள் நுழைய வேண்டியிருந்ததால் படகுகள் 7 அடிக்கும் சற்றுக் குறைவான அகலமும் 70 அடி வரை நீளமும் உடையனவாகக் கட்டப்பட்டன. இவையே 'நேரோபோட்' எனப்படும் ஒடுங்கிய படகுகள்.

எல்.டி.சி. ரோல்ட் என்ற பொறியாளர் தம் 'கிரெஸ்ஸி' என்ற படகில் குடியிருந்து பயணம் செய்து, அந்த அனுபவத்தை 1944-இல் நூலாக வெளியிட்டார். அதைப் படித்தவர்களின் ஆர்வத்திலிருந்து 1946-இல் உள்நாட்டு நீர்வழிகள் சங்கம் பிறந்தது. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்தபோது சரக்குப் படகுத் தொழில் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. ஆனால் 1968-இன் போக்குவரத்துச் சட்டம் கால்வாய்களை மூவகையாகப் பிரித்து, அவற்றுள் ஒரு வகையை உல்லாசப் படகுகளுக்கென்றே பராமரிக்க வேண்டும் என்று வரையறுத்தது. இன்று அந்நாட்டில் 30,000-க்கும் மேற்பட்ட படகுகள் கால்வாய்களிலும் ஆறுகளிலும் உள்ளன. பலர் தம் சொந்தப் படகில் வார இறுதிகளைக் கழிக்கின்றனர். வேகம் மணிக்கு சுமார் 6 கி.மீ.தான். மடைக்கதவுகளைப் பயணிகளே கையால் திறந்து மூடுகின்றனர். உரிமக் கட்டணம் கால்வாயின் பராமரிப்புக்கு உதவுகிறது.

சென்னையின் புயல்களும் இங்கிலாந்தின் உறைபனியும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. இயற்கையின் அடி இரு இடத்திலும் விழுந்தது. ஓரிடத்தில் சரக்கு போனபின்னும் கால்வாய்க்குப் பயன் உண்டு என்று சட்டம் சொன்னது. அதற்காகக் குரல் கொடுக்கப் படகு உரிமையாளர்கள் இருந்தனர். சென்னையில் கால்வாய்க்காகக் கேட்க அத்தகைய கூட்டம் இல்லை. படகுக்காரர்கள் ஏழைகள். பயணிகள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து போனவர்கள்.

கேரளத்தின் ஒப்பீடு

சரக்குப் படகை உல்லாசப் படகாக மாற்றிய இந்திய எடுத்துக்காட்டு கேரளத்தின் கெட்டுவள்ளம். நெல் ஏற்றிய இப்படகுகள், தொழில் நசிந்தபின் 1990-களில் படுக்கையறையும் சமையலறையும் கொண்ட வீட்டுப்படகுகளாயின. ஆலப்புழையின் பொருளாதாரம் இதனால் வளர்ந்தது. அதேவேளையில் படகுகள் பெருகியதால் வேம்பநாட்டுக் காயலில் எண்ணெயும் கழிவும் கலப்பது பெரிய சிக்கலாயிற்று. உல்லாசப் படகுகள் வந்தாலே நீர் தூய்மையாகிவிடும் என்று கொள்ள முடியாது என்பதற்கு இது சான்று.

மீட்பு முயற்சிகள்

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984 முதல் முட்டுக்காட்டில் படகுக் குழாமை நடத்துகிறது. சென்னையில் வாழ்வோர் வார இறுதியில் இக்கழியில் துடுப்புப் படகும் விசைப்படகும் ஏறலாம். பழைய மாமல்லபுரப் பாதையின் ஒரு துண்டு இங்கேதான் இன்னும் படகுக்குப் பயன்படுகிறது.

2008-இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையுள்ள கால்வாய்களும், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் பகுதிகளும் தேசிய நீர்வழி எண் 4 என அறிவிக்கப்பட்டன. பக்கிங்காம் கால்வாய் இதில் அடங்கும். எனினும் முதல் கட்டப் பணிகள் கிருஷ்ணா ஆற்றுப் பகுதியில் எடுத்துக்கொள்ளப்பட்டன. சென்னை நகருக்குள் படகுப் பாதை திரும்பவில்லை. 2021-இன் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், 1917-இன் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்து, உள்நாட்டு நீர்வழிகளில் இயங்கும் இயந்திரப் படகுகளின் பதிவுக்கும் பாதுகாப்புக்கும் நாடு முழுமைக்கும் பொதுவான விதிகளை வகுத்தது. ஒருவர் சொந்தப் படகு வாங்க இன்று சட்டம் தடையல்ல. அதை ஓட்டுவதற்கான நீர்தான் இல்லை.

வெள்ளமும் கரைவாழ் மக்களும்

கால்வாயைச் சீரமைப்பதன் முதல் தேவை இன்று உல்லாசம் அல்ல, வெள்ள வடிகால். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்குப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காடு அருகே கடலை அடைகிறது. இப்பாதை அடைபட்டால் வேளச்சேரி முதல் பழைய மாமல்லபுரம் சாலை வரை நீர் தேங்கும். 2015-இன் பெருவெள்ளம் இதை நகருக்கு உணர்த்தியது. 2004-இன் ஆழிப்பேரலையின்போது, சென்னைக்கு வடக்கே பல இடங்களில் கால்வாய் கடல்நீரை வாங்கிக்கொண்டு அதன் வேகத்தைத் தணித்தது. தூர் வாரிய, அகலமான கால்வாய் வெள்ளத்துக்கும் உதவும், படகுக்கும் உதவும். இரண்டுக்கும் வேண்டியவை ஆழமும் தடையற்ற ஓட்டமும் கழிவுநீர் கலக்காமையுமே.

ஆனால் சீரமைப்புக்கு ஒரு விலை உண்டு. கால்வாயின் கரையில் பல தலைமுறைகளாகக் குடிசைகளில் வாழ்வோர் உள்ளனர். வீட்டு வேலை, கட்டட வேலை, சிறு வியாபாரம் என அவர்களது பிழைப்பு மயிலாப்பூரையும் அடையாறையும் சுற்றியே உள்ளது. நீர்வழிச் சீரமைப்புக்காக நகரின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். வேலையும் பள்ளியும் தொலைவாயின. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது; மழைக்காலத்தில் நீர் சூழ்வது. வெள்ள ஆபத்திலிருந்து காப்பதற்காக என்று சொல்லி அகற்றப்பட்டவர்கள், வெள்ளம் வரும் இன்னோர் இடத்துக்கே சென்று சேர்ந்தனர்.

கால்வாயை மாசுபடுத்துவதில் குடிசைகளின் பங்கைவிட, சுத்திகரிக்கப்படாமல் வரும் நகரக் கழிவுநீரின் பங்கு பெரிது. மாடிக் குடியிருப்புகளின் கழிவும் மழைநீர் வடிகால் வழியாக இதில் கலக்கிறது. எனவே கரையைக் காலி செய்வதால் மட்டும் நீர் தெளியாது.

முக்கியத்துவம்

பக்கிங்காம் கால்வாய், பஞ்சத்தில் பட்டினி கிடந்தோர் வெட்டிய வழி. படகுத் தொழிலாளர் இழுத்து நடந்த வழி. நகரத்தார் நிலவில் மாமல்லபுரம் சென்ற வழி. பயன்பாடு நின்றதும் ஒரு பொதுச்சொத்து எவ்வளவு விரைவாக அழியும் என்பதற்கு அது சென்னையின் தெளிவான எடுத்துக்காட்டு. நகரின் நடுப் பகுதியில் படகு திரும்புவது அரிது. திருவான்மியூருக்குத் தெற்கே முட்டுக்காடு, மாமல்லபுரம், மரக்காணம் நோக்கிச் செல்லும் பகுதியில் கால்வாய்க்கு இன்னும் அகலம் உள்ளது. கழிவுநீரைத் தடுத்து, தூர் வாரி, கரைவாழ் மக்களை அவர்களது பிழைப்பிடத்துக்கு அருகிலேயே குடியமர்த்தினால், அந்தப் பகுதியில் வார இறுதிப் படகுப் பயணம் மீண்டும் நடைமுறைக்கு வரக்கூடியதே.